பின்னந்தலைக் கையிருப்பு

மனிதன் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் மயிர்க்கால்கள் இருக்கின்றன. அவை அத்தனையும் அவன் தாயின் கர்ப்பத்தில் இருக்கும்போதே அமைந்துவிடுகின்றன என்பதும், பிறந்த பிறகு எந்தத் தைலத்தைத் தேய்த்தாலும், எந்த லேகியத்தைத் தின்றாலும், எத்தனை முறை பழனிக்குப் போய் மொட்டையடித்துக்கொண்டாலும் புதிதாக ஒரு மயிர்க்கால்கூட உண்டாவதில்லை என்பதும் இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஆதாரமான விஷயங்கள். மொட்டைக்குப் பிறகு முடி அடர்த்தியாக வளர்வதாகத் தோன்றுவது, நுனி தேய்ந்து மெலிந்திருந்த பழைய முடி போய், கத்தியால் வெட்டுப்பட்ட தடித்த முனை கையில் உரசுவதால் ஏற்படும் மயக்கமே. (மயிர் என்ற நல்ல சொல்லை நாம் வசவுக்கென்று ஒதுக்கிவிட்டு முடி என்று சொல்லப் பழகிவிட்டோம், ஆயினும் முடி முளைக்கும் குழிக்கு மயிர்க்கால் என்பதைவிடப் பொருத்தமான பெயர் நம்மிடம் இல்லாமையால், வாசகர்கள் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

நாய்க்கும் பூனைக்கும் பருவம் மாறும்போது ரோமம் கொத்தாக உதிர்வதைப் பார்த்திருக்கிறோம். மனிதனுடைய மயிர்க்கால்களோ ஒன்றையொன்று கலந்துகொள்ளாமல், ஒவ்வொன்றும் தன் கணக்குப்படி 2 முதல் 6 ஆண்டு வரை முடியை வளர்த்து, இரண்டு மூன்று வாரத்தில் சுருங்கி, ஏறத்தாழ மூன்று மாதம் உறங்கி, பிறகு பழைய முடியை உதறிவிட்டுப் புதியதை வளர்க்கத் தொடங்குகின்றன. ஆகவே பூரண ஆரோக்கியமுள்ளவர் தலையிலிருந்தும் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயற்கை. சீப்பில் சுற்றிய முடியை எண்ணிப் பார்த்துக் கலங்குகிறவர்களில் பெரும்பாலோர் இயற்கையின் அன்றாடச் செலவைத்தான் எண்ணுகிறார்கள்.

இந்தச் சுழற்சி தெரியாமையால் எத்தனையோ பேர் வீண் செலவு செய்கிறார்கள். டெங்கு, டைபாய்டு முதலிய கடுங்காய்ச்சலோ, பிரசவமோ, பட்டினி கிடந்து உடம்பை இளைக்கவைத்த முயற்சியோ ஏற்படும்போது, வளர்ந்துகொண்டிருந்த மயிர்க்கால்களில் பல ஒரே சமயத்தில் உறக்கத்துக்குப் போய்விடுகின்றன. உறக்கம் மூன்று மாதமாதலால், காய்ச்சலை நாம் மறந்துவிட்ட பிற்பாடு, ஒரு நாள் திடீரென்று தலையணை முழுவதும் முடியாகக் கிடக்கிறது. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. குழந்தையின் சிரிப்பு காரணமல்ல என்றாலும், காலக் கணக்கு என்னவோ அற்புதமாகப் பொருந்துகிறது. இவ்வகை உதிர்வு சில மாதங்களில் தானே நின்று, முடி தானே திரும்பி வரும். அந்த மாதங்களில் யார் எந்தத் தைலத்தை விற்றிருந்தாலும் கீர்த்தி அந்தத் தைலத்துக்குப் போய்ச் சேரும். தைராய்டு சுரப்பியின் கோளாறும் இரும்புச் சத்துக் குறைவும், முக்கியமாகப் பெண்களுக்கு, முடியை உதிர்க்கும் என்பதால், ஒரு ரத்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவை முதலில் செய்வது விவேகம். நாணயம் போல வட்டமாகச் சொட்டை விழும் புழுவெட்டு வேறு வியாதி. அதில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே மயிர்க்காலைப் பகைவனென்று எண்ணித் தாக்குவதால் வருவது அது. அதன் கடுமையான நிலைக்கு பாரிசிட்டினிப் என்ற மாத்திரையை 2022-இல் அமெரிக்க அரசு அங்கீகரித்தது.

இனி, ஆண்களின் ஏறுநெற்றியும் உச்சிச் சுழி வழுக்கையும். இதன் மூலகாரணத்தை முதலில் திட்டமாக நிரூபித்தவர் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூற்று அறிஞர். பருவம் எய்துமுன் விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதைப் பண்டைய கிரேக்கர்களே கண்டிருந்தார்கள்; ஹாமில்டனோ அத்தகையவர்களுக்கு ஆண் ஹார்மோனை ஊசி மூலம் செலுத்தியபோது, வழுக்கை பரம்பரையாக வரும் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு மட்டும் வழுக்கை விழுந்ததையும், ஊசியை நிறுத்தியதும் மேற்கொண்டு உதிர்வது நின்றதே தவிர, போனது திரும்பவில்லை என்பதையும் கண்டு 1942-இல் வெளியிட்டார். பரம்பரை, ஹார்மோன், வயது என்ற மூன்றும் சேர்ந்தால்தான் வழுக்கை என்பது அவர் முடிவு. தாய்மாமனுக்கு வழுக்கை என்றால் மருமகனுக்கும் நிச்சயம் என்று நம்மிடையே ஒரு சித்தாந்தம் உண்டு. ஹார்மோனை ஏற்கும் புரதத்துக்கான மரபுக்கூறு தாய் வழியாக வரும் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. எனினும் வேறு பல மரபுக்கூறுகளுக்கும் இதில் பங்கு இருப்பதால், தந்தையின் பக்கத்தையும் விட்டுவிடலாகாது.

1974-இல் டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த செய்தி இன்னும் விசித்திரமானது. அங்கே சாலினாஸ் என்ற கிராமத்தில், பிறக்கும்போது பெண்ணைப் போலத் தோன்றி, பருவ வயதில் ஆணாக மாறும் குழந்தைகள் சில குடும்பங்களில் பிறந்துவந்தன. ஜூலியான் இம்பெரட்டோ மெக்கின்லி என்ற மருத்துவப் பெண்மணியும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்தபோது, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற வலிய பொருளாக மாற்றும் ஒரு நொதி அவர்களிடம் குறைந்திருந்தது தெரிந்தது. அவர்கள் வளர்ந்து ஆளான பின்பும் பிராஸ்டேட் சுரப்பி சிறியதாகவே இருந்தது; நெற்றியும் ஏறவில்லை. அதே நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டிரைடு என்ற மருந்து 1992-இல் பிராஸ்டேட் வீக்கத்துக்காக 5 மில்லிகிராம் அளவிலும், 1997-இல் வழுக்கைக்காக 1 மில்லிகிராம் அளவிலும் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அது புதிதாகக் கேசத்தை அள்ளிக் கொடுக்கும் மருந்தல்ல. இருப்பதைக் காக்கும் மருந்து. நிறுத்தினால் பலனும் சில மாதங்களில் போய்விடும். சிலருக்கு, சிறுபான்மையோருக்கே ஆயினும், காம இச்சை குறைவது முதலிய உபாதைகளைத் தரும். சிலர் மருந்தை நிறுத்திய பிறகும் அது நீடித்ததாகச் சொல்கிறார்கள். மனச்சோர்வு உள்ளவர்கள் இதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. கர்ப்பிணிகள் அருகிலும் போகத்தகாத மருந்து இது. பிராஸ்டேட் புற்றுநோய்க்காகச் செய்யும் ரத்தப் பரிசோதனையின் எண்ணையும் ஏறத்தாழ பாதியாகக் குறைத்துக் காட்டிவிடும். பெட்டிக்கடையில் வாங்கித் தின்னும் பொருளல்ல என்பதற்கு இவ்வளவு போதும்.

மினாக்சிடிலின் கதை தற்செயலாக நேர்ந்தது. ரத்த அழுத்தத்துக்காகக் கொடுக்கப்பட்ட அந்த மாத்திரையை விழுங்கியவர்களுக்கு நெற்றியிலும் கன்னத்திலும் ரோமம் முளைக்கக் கண்டு, உபாதையையே உபயோகமாக்கிக்கொள்ள எண்ணிய அப்ஜான் கம்பெனி, அதைத் திரவமாக்கி 1988-இல் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தடவத் தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி முன்னிலும் அதிகமாக உதிரும்; உறங்கும் மயிர்க்கால்கள் விழித்துப் பழைய முடியை உதறுவதால் நேர்வது அது. இதை முன்கூட்டிச் சொல்லாத வைத்தியரின் நோயாளி மூன்றாம் வாரமே சீசாவைத் தூக்கி எறிந்துவிடுவார். நான்கு முதல் ஆறு மாதம் பொறுத்தால்தான் பலன் தெரியும். தெரிந்த பின்னும் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் பூனை வளர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இம்மருந்து பூனைக்குக் கொடிய விஷம், தடவிய தலையோடு அதைப் பக்கத்தில் படுக்கவைக்கலாகாது.

மற்றவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். ஹெல்மெட்டால் இவ்வழுக்கை விழுவதில்லை. போர்த் தண்ணீரின் உப்பு முடியின் தண்டைச் சொரசொரப்பாக்கி ஒடிக்கலாமே தவிர, தோலுக்குள் இருக்கும் வேரை அது எட்டுவதில்லை. பயோட்டின் மாத்திரை அச்சத்து குறைந்தவர்களுக்கு மட்டுமே பிரயோசனப்படும். அவ்வாறு குறைந்தவர்கள் அபூர்வம். அதற்கு மேல், அதை நிறையச் சாப்பிடுபவர்களின் தைராய்டுப் பரிசோதனை தப்பான எண்ணைக் காட்டிவிடுவதும் உண்டு. தன் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் பிரித்துத் தலையில் குத்தும் பி.ஆர்.பி. சிகிச்சை சிலருக்கு ஓரளவு பயன்படலாம். ஆனால் ஒவ்வொரு கிளினிக்கும் ஒவ்வொரு விதமாகச் செய்வதால், ஓரிடத்தில் கண்ட பலனை மற்றோரிடத்தில் எதிர்பார்க்க நியாயமில்லை.

மருந்துகளின் எல்லை முடிகிற இடத்தில் ரண சிகிச்சை தொடங்குகிறது. ஜப்பானில் ஷோஜி ஒக்குடா என்ற தோல் வைத்தியர், தழும்பேறிய தலைகளுக்கும் புருவங்களுக்கும், முடியுள்ள தோலைச் சிறு சிறு வட்டங்களாகத் துளைத்தெடுத்து நட்டுப் பலன் கண்டு, 1939-இல் எழுதி வெளியிட்டார்; அடுத்து வந்த உலக யுத்தத்தின் புகையில் அந்தக் கட்டுரை மறைந்துபோயிற்று. நியூயார்க்கில் நார்மன் ஒரென்ட்ரைக் என்பவர் இதை அறியாமலே 1950-களில் இதே வழியில் சென்று, பின்னந்தலைத் தோலை வழுக்கையிலும் வழுக்கைத் தோலைப் பின்னந்தலையிலும் மாற்றி நட்டு, ஒவ்வொரு துண்டும் நட்ட இடத்தின் ஸ்வபாவத்தை ஏற்காமல், பிறந்த இடத்தின் ஸ்வபாவத்தையே காப்பாற்றி வருவதைக் கண்டார். 1959-இல் வெளியான அவருடைய இந்த முடிவே இன்றுள்ள தொழில் முழுவதற்கும் அஸ்திவாரம். பின்னந்தலை மயிர்க்கால்கள் ஆண் ஹார்மோனுக்கு அசையாதவை. முன்னந்தலைக்குக் குடிபெயர்த்தாலும் அவை அசையா. அன்று நட்டவை 4 மில்லிமீட்டர் அகலமுள்ள துண்டுகளாதலால், தலை பொம்மையின் தலைபோல் கொத்துக்கொத்தாகக் காட்சியளித்தது. முடி இயற்கையிலேயே ஒன்று முதல் நான்கு வரை சேர்ந்த சிறு குடும்பங்களாக முளைக்கிறது என்பதை ஹெடிங்டன் என்பவர் 1984-இல் விவரித்த பிறகு, அக்குடும்பத்தைக் கலைக்காமல் மைக்ராஸ்கோப்பின் கீழ் பிரித்தெடுத்து நடும் முறை டெக்சாஸில் லிம்மர் என்பவரால் தொடங்கிப் பரவியது. இந்தக் குடும்பம் ஒன்றைத்தான் கிளினிக்குகளில் கிராஃப்ட் என்கிறார்கள். பின்னந்தலையில் ஒரு பட்டைத் தோலை வெட்டித் தைத்து, அந்தப் பட்டையிலிருந்து பிரிப்பது ஒரு வழி; அதற்குக் கோடாக ஒரு தழும்பு இருக்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஊசிக்குழலால் ஒவ்வொன்றாகத் தோண்டுவது மற்றொரு வழி. அதற்கும் புள்ளி புள்ளியாகத் தழும்பு உண்டு. தழும்பே இராது என்பவர் வியாபாரி.

முடி நடுதல் என்று நாம் வயலிலிருந்து ஒரு சொல்லைக் கடன் வாங்கியிருக்கிறோம். அந்தச் சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. நாற்றங்காலில் மறுபடியும் விதைக்கலாம். பின்னந்தலையில் பறித்த இடம் பறித்ததுதான். அங்கே ஒரு சதுர சென்டிமீட்டரில் 65 முதல் 85 கிராஃப்ட் இருக்கும். பாதிக்கு மேல் எடுத்தால் அந்துப்பூச்சி அரித்த கம்பளிபோல் பின்புறம் தெரியும். ஆகவே ஒருவர் ஆயுள் முழுவதற்கும் எடுத்துக்கொள்ளக் கிடைப்பது, பொதுவாக 5,000 முதல் 7,000 வரைதான். முன்னும் உச்சியும் முழுவதும் போய், 200 சதுர சென்டிமீட்டர் வெறுமையாகிவிட்ட ஒருவருக்கு, பழைய அடர்த்தியைத் திருப்பித் தர வேண்டுமானால் ஏறத்தாழ 15,000 வேண்டும். 6,000-ஐப் பரப்பினால் சதுர சென்டிமீட்டருக்கு 30 விழும். பாதி அடர்த்தி போகும் வரை கண்ணுக்குக் குறை தெரிவதில்லை என்ற இயற்கையின் சலுகையைக் கொண்டுதான், கெட்டிக்கார வைத்தியர் இந்தச் சிறு தொகையை எங்கே தடிப்பாக, எங்கே லேசாகச் செலவழிப்பது என்று திட்டமிடுகிறார். எல்லோருக்கும் பின்னந்தலை உறுதியாக இருப்பதும் இல்லை. வகிடு அகன்றுகொண்டே போகும் பெண்கள் பலருக்குத் தலை முழுவதுமே மெலிவதால், அங்கிருந்து எடுத்து நட்டதும் மெலியலாம்.

என் தமையனார் மகனுக்கு 24 வயது. நெற்றி இரண்டு பக்கமும் ஏறத் தொடங்கியதில் அவன் தூக்கம் போய்விட்டது. பெண் பார்க்கத் தொடங்குமுன் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று அவன் தாயாருக்கும் அவசரம். என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஒரு பெரிய கட்டடத்தின் இரண்டாவது மாடியில், குளிரூட்டப்பட்ட கூடத்துக்குப் போனான். டை கட்டிய ஓர் இளைஞர், ஆலோசகர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, மார்க்கர் பேனாவை எடுத்துப் புருவத்துக்கு மேலே நான்கு விரல்கூட இல்லாத இடத்தில் பையனுடைய நெற்றியில் ஒரு கோடு இழுத்து, “மூவாயிரம் கிராஃப்ட் சார், ஒரே சிட்டிங். இன்னைக்கே அட்வான்ஸ் கட்டினா இருபது பர்சென்ட் ஆஃபர்” என்றார். டாக்டர் யார் என்று கேட்டேன். “எங்க டீம் பண்ணிடும் சார்” என்று பதில் வந்தது. பின்னந்தலையை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. கோட்டை அழிக்க ஸ்பிரிட் பஞ்சும் கொடுக்கவில்லை. பையன் கைக்குட்டையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே படியிறங்கினான்.

அந்தக் கோட்டின்படி நட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நட்ட முடி நிலைத்திருக்கும். அதன் பின்னால் உள்ள அவனுடைய சொந்த முடி ஆண்டுதோறும் பின்வாங்கிக்கொண்டே போகும். 40 வயதில் நெற்றியோரம் ஒரு வேலியும், அதன் பின்னே வெட்டவெளியும், அதை நிரப்பக் கையிருப்பில்லாத பின்னந்தலையுமாக நிற்பான். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கத்தியை எடுக்க நல்ல வைத்தியர்கள் தயங்குவது இதனால்தான்.

அபாயம் அழகோடு நின்றுவிடுவதும் இல்லை. தலைமுழுவதும் மரத்துப்போக லிக்னோகெய்ன் என்ற மருந்தைக் குத்துகிறார்கள். அட்ரினலின் சேர்த்த அம்மருந்தைக் கிலோவுக்கு 7 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் கொடுப்பது விதி. 60 கிலோ எடையுள்ளவருக்கு 420 மில்லிகிராம். இரண்டு சதவீதத் திரவமானால் 21 மில்லிலிட்டர்தான். எட்டு மணி நேரம் நீளும் வேலையில், வலிக்கிறது என்று சொல்லும்போதெல்லாம் கணக்கில்லாமல் குத்திக்கொண்டே போனால், முதலில் உதடு மரத்து, காதில் இரைச்சல் கேட்டு, பிறகு வலிப்பும் இருதயத் தடுமாற்றமும் வரலாம். அப்போது பக்கத்தில் ஒரு டாக்டர் இல்லையென்றால்? 2016-இல் சென்னையில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் அதைத் தொடர்ந்து உயிரிழந்தது, மருத்துவம் படித்தவருக்கும் இத்துறையில் ஏமாற இடமுண்டு என்பதை நாட்டுக்குக் காட்டிற்று. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம், முறையான பயிற்சி பெற்ற பதிவு பெற்ற மருத்துவர்களே இதைச் செய்ய வேண்டும் என்றும், பயிலரங்குகளிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றது பயிற்சியாகாது என்றும் வழிகாட்டு நெறிகளை வெளியிட நேர்ந்தது. யூடியூபைப் பெயர் சொல்லி எழுத வேண்டிய நிலைமை வந்ததென்றால், அதற்கு முன் நடந்தவற்றை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே வைத்தியரைத் தேடுகிறவர், கட்டணத்தைக் கேட்குமுன், தலையைத் தொடப்போவது யார் என்று கேட்க வேண்டும். தோல் மருத்துவத்திலோ பிளாஸ்டிக் சர்ஜரியிலோ மேற்படிப்புப் படித்தவரா, மருத்துவக் கவுன்சிலில் அவருடைய பதிவு எண் என்ன, மயக்க மருந்து குத்துவது யார், முடியைத் தோண்டுவது யார், எல்லாவற்றுக்கும் மேலாக, நடுவதற்குரிய கீறல்களைப் போடுவது யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். முடி எந்தத் திசையில் எத்தனை சாய்வில் முளைக்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கீறலே. முன்வரிசையில் முடி தோலோடு ஒட்டியதுபோல் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும், சுழியில் சக்கரம்போல் திரும்பும். இந்தச் சாய்வில் பிழை நேர்ந்துவிட்டால், எத்தனை கிராஃப்ட் நட்டும், பிரஷ் வைத்ததுபோல் நிற்கும். முன்வரிசைக்கு ஒற்றை முடிகளையே தேர்ந்தெடுக்கிறார்களா என்பதும் கேட்கத்தக்க கேள்வி. ஒரே நாளில் எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள் என்று கேட்டு, நாலைந்து என்று பதில் வந்தால், டாக்டர் எந்த அறையில் இருப்பார் என்று அடுத்ததாகக் கேட்கலாம். புகைப்படம் காட்டினால், ஒரே வெளிச்சத்தில், முடியை நனைத்து, சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்து எடுத்ததைக் காட்டச் சொல்ல வேண்டும். ஏனெனில் நட்ட முடி முதல் சில வாரங்களில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதத்தில் மீண்டும் தலைகாட்டி, பன்னிரண்டு மாதத்தில்தான் முழு வடிவம் பெறும். சதுர சென்டிமீட்டர் கணக்கை விட்டுவிட்டுக் கிராஃப்டின் எண்ணிக்கையை மட்டும் பேசுகிற இடத்தில், அவர்கள் எண்ணுவது முடிகளையா, கிராஃப்ட்களையா என்றும் கேட்டுவைப்பது நல்லது. இரண்டையும் குழப்பினால் விலை இரட்டிப்பாகிவிடுகிறது.

இரண்டாவதாக நாங்கள் போனது ஒரு தோல் மருத்துவ அம்மையாரிடம். மாலை ஏழு மணி. வெளியே மரப்பெஞ்சில் படையும் தேமலுமாகப் பத்துப் பேர் காத்திருந்தார்கள். “ஆறு மாசத்துக்குள்ள காய்ச்சல் ஏதாவது வந்ததா தம்பி?” என்று கேட்டுவிட்டு, அவன் தலையில் நான்கு இடத்தில் ஒரு சிறு கற்றையைப் பிடித்து மெல்ல இழுத்து, விரலிடையில் வந்ததை வெள்ளைக் காகிதத்தில் வைத்து எண்ணினார். பிறகு குனியச் சொல்லி, பின்னந்தலையில் சீப்பால் வகிடெடுத்து, கம்ப்யூட்டரோடு இணைத்த சிறிய லென்ஸ் ஒன்றை வைத்தார். திரையில் பனங்காட்டைப் போலத் தடித்த முடிகள் தெரிந்தன. பென்சில் நுனியால் ஒவ்வொரு குடும்பமாகத் தொட்டு எண்ணி, 72 என்று சீட்டில் குறித்துக்கொண்டார். லென்ஸை உச்சிக்கு நகர்த்தியபோது, அவன் கண்ணுக்கும் என் கண்ணுக்கும் முடி நிறைந்ததாகவே தெரிந்த இடத்தில், தடித்த முடிகளுக்கு நடுவே பூனை ரோமம்போல் மெலிந்தவை ஏராளமாக நின்றன. “இதெல்லாம் போகத் தொடங்கியாச்சு. முதல்ல இதை நிறுத்தணும். ஒரு வருஷம் மருந்து. மூணு மாசத்துக்கு ஒரு தரம் போட்டோ. நடுறதைப் பத்தி அப்புறம் பேசலாம்” என்றார்.

பையனுக்கு முகம் சுண்டிவிட்டது. எத்தனை வயதில் நடலாம் என்று விடாமல் கேட்டான். அது வயதைப் பொறுத்ததல்ல, எவ்வளவு போகப்போகிறது என்பதைப் பொறுத்தது என்று சொல்லி, குடும்பத்தில் யார் யாருக்கு எந்த அளவு என்று விசாரிக்கத் தொடங்கினார். தமையனாருக்கு உச்சி முழுவதும் வழுக்கை, எனக்குப் பாதி, அவன் தாய்மாமனுக்குத் தலை நிறைய முடி. “தாத்தா?” என்றார் டாக்டர். அவர் போய் முப்பது ஆண்டாகிறது என்றேன். “போட்டோ இருந்தா அடுத்த தரம் எடுத்துட்டு வாங்க.”

அன்றிரவே பையன் கூடத்தில் ஸ்டூல் போட்டு ஏறி, சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்த அந்தப் படத்தை இறக்கினான். எங்கள் தகப்பனாருக்கு இருக்கும் ஒரே புகைப்படம் அதுதான். ஸ்டூடியோ நாற்காலியில், ஜரிகைத் தலைப்பாகை புருவம் வரை இறங்கியிருக்க, கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார்.